டர்போ காரில் வேக்குவம்–பூஸ்ட் கேஜை வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பூஸ்ட் கேஜ் வாங்கி மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கத்தை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்டை, மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஊசி எவ்வளவு ஏறுகிறது, கூட்டாளியின் வண்டியைவிட நம்முடையது கூடவா குறைவா, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் வண்டிக்கு எங்கே நோவு என்று தெரிய வேண்டுமானால் இடப்பக்கத்தையும், அதாவது எஞ்சின் உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவத்தையும், சேர்த்து வாசிக்க வேண்டும். பூஸ்ட் குறைந்தால் பிக்கப் இல்லை என்று கால் சொல்லிவிடும். வேக்குவம் மூன்று அங்குலம் (அதன் அலகு பாதரச அங்குலம்) குறைந்தால் ஊசியைத் தவிர வேறு எதுவும் சொல்லாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோளாறு எந்தக் குழாயில் என்பதுவரை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

இது முதன்மையாக டர்போ பெட்ரோல் வண்டிகளுக்கான வழிகாட்டி. நெக்ஸான், வென்யூ, ஃபிராங்ஸ் பூஸ்டர்ஜெட், டைகுன், குஷாக் என்று டிஎன் 74, டிஎன் 75 பலகையோடு இப்போது நம்மூரில், கன்னியாகுமரி மாவட்டத்தில், நிறையவே ஓடுகின்றன. டீசல் வைத்திருப்பவர்கள் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள். உங்கள் ஊசி நடந்துகொள்ளும் விதமே வேறு.

ஊசி எதை அளக்கிறது

கேஜ் அளப்பது த்ராட்டிலுக்கும் (காற்றை உள்ளே விடும் தட்டு) சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை. நடுவில் இருக்கும் பூஜ்யம் என்பது வெளிக்காற்றின் அழுத்தம். நாகர்கோவில், குளச்சல் போல கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் அது சுமார் 101 கிலோபாஸ்கல், அதாவது 14.7 பிஎஸ்ஐ. மேனிஃபோல்டில் அதைவிடக் குறைவாக இருந்தால் ஊசி இடப்பக்கம், கூடினால் வலப்பக்கம்.

இளநீர் ஸ்ட்ராவை விரலால் அமுக்கிக்கொண்டு உறிஞ்சினால் ஸ்ட்ரா உள்ளே ஒட்டிக்கொள்ளும் அல்லவா? ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) நடப்பது அதுதான். த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன, நடுவில் வேக்குவம் உண்டாகிறது. மிதிக்க மிதிக்க தட்டு திறக்கும், வேக்குவம் குறையும். முழுக்கத் திறந்ததும் ஊசி பூஜ்யத்துக்கு வரும். அதற்கு மேல் ஏறுவது டர்போ தள்ளும் காற்று.

எண்களில்தான் குழப்பம் வரும். பெரும்பாலான கேஜ்களில் இடப்பக்கம் பாதரச அங்குலத்திலும் வலப்பக்கம் பிஎஸ்ஐ அல்லது பாரிலும் இருக்கும். இடப்பக்கத்து 20-ஐ பிஎஸ்ஐ என்று எடுத்துக்கொண்டு பயந்துபோகிறவர்கள் உண்டு. 20 அங்குலம் என்பது சுமார் 9.8 பிஎஸ்ஐ, 0.68 பார், 68 கிலோபாஸ்கல். வேக்குவம் எவ்வளவு கூடினாலும் 29.9 அங்குலத்தைத் தாண்டாது. அதற்குமேல் உறிஞ்ச வெளியில் காற்றழுத்தமே கிடையாது. வலப்பக்கத்தில் 1 பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ. செல்போன் செயலிகள் இடப்பக்கத்தையும் பிஎஸ்ஐயிலோ பாரிலோ காட்டும் என்பதால், எந்த அலகு என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

எங்கிருந்து அளப்பது

இரண்டு வழி. கேஜை வாங்கி ஹோஸ் இழுப்பது ஒன்று, ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) புளூடூத் அடாப்டர் செருகி செல்போனில் பார்ப்பது இன்னொன்று. வாரன்டி முடியாத வண்டி என்றால் இரண்டாவதே போதும். சென்சார் காட்டும் மொத்த அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைச் செயலி கழித்துக் காட்டும். ஒரே குறை வேகம். ஊசியின் சின்னச் சின்ன நடுக்கம் அதில் பிடிபடாது.

ஹோஸ் இழுப்பதாக இருந்தால் த்ராட்டிலுக்கு அப்புறம், மேனிஃபோல்டில் இருக்கும் துளையிலிருந்து எடுக்க வேண்டும். த்ராட்டிலுக்கு முன்னால் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) குழாயிலிருந்து எடுத்தால் பூஸ்ட் மட்டும் தெரியும், வேக்குவம் தெரியாது. பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்க உதவும் பாகம்) போகும் ஹோஸிலும் வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுக்குள் வைக்கும் வால்வ்) ஹோஸிலும் டீ, அதாவது T வடிவ இணைப்பு, போடவே கூடாது. முதலாவதில் கசிந்தால் பிரேக் கட்டையாகும், இரண்டாவதில் கசிந்தால் பூஸ்ட் கட்டுமீறும். காலித் துளை இல்லாத எஞ்சின் என்றால் மேனிஃபோல்டு சென்சாருக்கு அடியில் வைக்கும் அடாப்டர் கிடைக்கிறது. ஹோஸை டர்போவின் சூட்டுப் பக்கத்திலிருந்து தள்ளி ஓட்டுங்கள். கேபினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் குரோமெட் இல்லாமல் தகரத்தின் வெறும் விளிம்பில் உரசவிட்டால் அறுந்துபோகும்.

படி 1: எஞ்சின் ஓடாதபோது

எஞ்சினை ஓட்டாமல் ஊசியைப் பாருங்கள். பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒரு அங்குலம் தள்ளி நின்றால் அதை எழுதிவைத்து, பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணிலும் கழித்துக்கொள்ளுங்கள். நிறையத் தள்ளி நின்றால் கேஜை மாற்றுங்கள், அதை நம்பி எதையும் முடிவுசெய்ய முடியாது.

படி 2: சூடான ஐடிலிங்

காலையில் எடுத்த எடுப்பில் பார்க்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) சீக்கிரம் சூடாக்க ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க்கைத் தாமதமாக்கும், ஆர்பிஎம்மைக் கூட்டும். அப்போது வேக்குவம் குறைவாகத்தான் இருக்கும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வரை போய் வந்த சூட்டில், வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்து, நியூட்ரலில் பாருங்கள்.

நல்ல எஞ்சின் கடல்மட்டத்தில் 17 முதல் 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்கும். ஏசியைப் போட்டால் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கும்; ஏசி கம்ப்ரெஸரை இழுக்க எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் காற்று வேண்டுமே. நம்மூரில் ஓடும் டர்போ பெட்ரோலில் நிறைய மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் என்பதால் ஊசியில் லேசான துடிப்பு இருக்கலாம். ஹோஸின் நடுவே ஊசித்துளை உள்ள சின்ன அடைப்பு வைத்தால் அது அடங்கிவிடும்.

இங்கே 17, 21 என்ற எண்களைவிட உங்கள் வண்டியின் எண்தான் முக்கியம். வண்டி நன்றாக இருக்கும் நாளில் அது 19 காட்டினால் 19-தான் உங்களுக்கு அளவுகோல். அடுத்த வருடம் 16 காட்டினால், பொதுக்கணக்கில் அது பெரிய குறை இல்லை என்றாலும், உங்கள் வண்டியில் ஏதோ மாறியிருக்கிறது. எழுதிவையுங்கள். சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது.

படி 3: ஊசி எப்படி ஆடுகிறது

அளவு ஒரு பக்கம், ஆட்டம் இன்னொரு பக்கம். ஊசி ஆடாமல் நிற்கிறது, ஆனால் 12, 14 என்று தாழ்ந்து நிற்கிறது என்றால் எங்கோ காற்று கசிந்து உள்ளே வருகிறது, அல்லது ஸ்பார்க் டைமிங், வால்வ் டைமிங் தாமதமாகியிருக்கிறது. டைமிங் செயின் ஒரு பல் தாவியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஒரே தாளத்தில் விட்டுவிட்டு இரண்டு மூன்று அங்குலம் சொடுக்கி இறங்கினால் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை: பிளக், காயில், அல்லது வால்வ். தாளமே இல்லாமல் எப்போதாவது சொடுக்கினால் ஒட்டிக்கொள்ளும் வால்வோ இடைக்கிடை வரும் மிஸ்ஸிங்கோ. ஐடிலிங்கில் வேகமாக நடுங்கி, ஆர்பிஎம் கூட்டினால் அடங்குவது தேய்ந்த வால்வ் கைடு. ஆர்பிஎம் கூடக்கூட நடுக்கமும் கூடினால் வால்வ் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

இவையெல்லாம் கார்புரேட்டர் காலத்து மேஸ்திரிகள் அத்துபடியாக வைத்திருந்த விஷயங்கள். இப்போது ஸ்கேனர் வந்ததும் அதில் கோளாறு எண் (கோட்) வந்தால்தான் கோளாறு என்றாகிவிட்டது. ஈசியூ முடிந்தவரை சமாளிக்கும், சமாளிக்க முடியாதபோதுதான் விளக்கு எரியும். ஊசி அதற்கு முன்பே சொல்லிவிடும்.

படி 4: நின்ற இடத்தில் இரண்டு சோதனை

ஒன்று, ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். ஊசி பூஜ்யத்தை நோக்கி விழுந்து, கால் எடுத்ததும் 22 முதல் 25 வரை துள்ளி, பழைய இடத்துக்கு வர வேண்டும். துள்ளல் நோஞ்சானாக இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் எலெக்ட்ரானிக் த்ராட்டில் வேண்டுமென்றே மெதுவாக மூடும், அவற்றில் துள்ளல் குறைவாகவே தெரியும்.

இரண்டு, 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடியுங்கள். ஊசி ஏறி, ஐடிலிங் அளவுக்கோ அதற்கு ஒன்றிரண்டு மேலோ நிலையாக நிற்க வேண்டும். பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே வந்தால் புகை வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது, பெரும்பாலும் கன்வெர்ட்டர். டர்போ வண்டியில் இது முக்கியம். பின்னால் அடைத்திருந்தால் டர்பைன் சுற்றாது, பூஸ்டும் வராது, பழி டர்போமேல் விழும்.

படி 5: சாலையில்

சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது 8 முதல் 15 அங்குலம் வரை இருக்கும். கியரில் இருக்கும்போதே இறக்கத்தில் கால் எடுத்தால் 22-க்கு மேல் போகும், அந்த நேரத்தில் பெட்ரோல் முழுக்க நிற்கும். நியூட்ரலில் போட்டு இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு காட்சியைக் காட்டினால் போதும்.

காற்றின் வேலையையும் ஊசியில் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைப்பது நமக்குத் தெரியும். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு பக்கம் போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். அதே சாலை, அதே 80 கிலோமீட்டர் வேகம், ஆனால் வரும்போது ஊசி பல அங்குலம் கீழே நிற்கும். அந்தக் காலத்தில் எடுத்த எண்ணை மார்கழியில் எடுத்ததோடு ஒப்பிட்டு வண்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

டைகுன், குஷாக்கின் 1.5 எஞ்சினில் இன்னொரு சங்கதி. மெதுவாக ஓட்டும்போது அது இரண்டு சிலிண்டரை நிறுத்திவிடும். மிச்சம் இரண்டும் கூடுதல் காற்று இழுக்க வேண்டியிருப்பதால் வேக்குவம் திடீரென்று குறையும். கோளாறு அல்ல.

மேற்குப் பக்கம், கல்குளம் விளவங்கோடு சாலைகளில், ஏற்றமும் இறக்கமும் முடிவதே இல்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிறீர்கள், ஐந்தாவது கியரில் 1300 ஆர்பிஎம்மில் ஏற்றம் வருகிறது, கியர் குறைக்கச் சோம்பல்பட்டு மிதிக்கிறீர்கள். ஊசி பூஜ்யத்தைத் தாண்டி வலப்பக்கம் சாய்ந்து அங்கேயே நிற்கும். குறைந்த ஆர்பிஎம்மில் அதிக அழுத்தம் என்பது சின்ன டர்போ எஞ்சின்களுக்கு ஆகவே ஆகாது. ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பிடித்து பிஸ்டனையே உடைக்கக்கூடும். 1800-க்குக் கீழே ஊசி வலப்பக்கம் நின்றால் ஒரு கியர் குறையுங்கள். கேஜ் மாட்டியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்தப் பழக்கம்தான் என்பேன்.

படி 6: பூஸ்ட்

காலி சாலை, காய்ந்த தார், சூடான எஞ்சின். மூன்றாவது கியர், 1800 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதித்து, வேக வரம்புக்குள் நிற்கும் இடம் வரை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேஜை செல்போனில் வீடியோ எடுக்கட்டும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்த்தால் போதும். மார்த்தாண்டம் மேம்பாலமோ சந்தை நேரத்துச் சாலையோ இதற்கான இடமல்ல.

வீடியோவில் மூன்றைப் பாருங்கள்: எந்த ஆர்பிஎம்மில் ஊசி பூஜ்யத்தைத் தாண்டியது, உச்சம் எவ்வளவு, உச்சத்தில் நின்றதா வழுக்கியதா. கம்பெனி நிலையில் இருக்கும் சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் உச்சம் பெரும்பாலும் 0.7 முதல் 1.3 பாருக்குள் வரும். ஒரு நொடி உச்சம் தொட்டு, கொஞ்சம் இறங்கி நிலைப்பதும், ஆர்பிஎம் ஏற ஏற மெல்லச் சரிவதும் இயல்பு. ஈசியூ கேட்கிற அளவே அப்படி.

உச்சம் 0.4 அல்லது 0.5 பாரில் கெட்டியாக நின்றுவிட்டால் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அடிப்படை அளவு மட்டும் வருகிறது என்று சந்தேகிக்கலாம். கன்ட்ரோல் சோலினாய்டு (வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் மின்வால்வ்) வேலை செய்யவில்லை, அல்லது ஈசியூ ஏதோ காரணத்தால் பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது. உச்சம் வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போய் வண்டி திடீரென்று வெட்டினால் காலை எடுங்கள். வேஸ்ட்கேட் திறக்கவில்லை, அல்லது அதன் ஹோஸ் கழன்றிருக்கிறது. மறுபடி மிதித்துச் சோதிக்க வேண்டாம். வண்டியை மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

ஒரே பூஸ்ட் என்றால் ஒரே சக்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி காட்டுவது அழுத்தம், உள்ளே போன காற்றின் அளவு அல்ல. இன்டர்கூலரில் சேறு அப்பிக் காற்று சூடாகப் போனால் அதே 1 பாரில் இழுவை குறையும்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசித்தல்

இதுதான் வேலையின் மையம், மற்றதெல்லாம் இதற்கான தயாரிப்பு.

வேக்குவம் பழைய அளவு, பூஸ்ட் குறைவு என்றால் கோளாறு த்ராட்டிலுக்கு முன்னால். டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து த்ராட்டில் வரை உள்ள குழாய்கள், கிளாம்புகள், வேஸ்ட்கேட், அடைத்த ஏர் ஃபில்டர், கடைசியாக டர்போ. ஐடிலிங்கில் அந்தக் குழாயில் அழுத்தமே இல்லை என்பதால் ஓட்டை இருந்தாலும் வேக்குவம் மாறாது.

வேக்குவமும் குறைவு, பூஸ்டும் குறைவு என்றால் த்ராட்டிலுக்குப் பின்னால் கசிவு: மேனிஃபோல்டு கேஸ்கெட், சின்ன ஹோஸ்கள். படி 4-இல் ஊசி மெல்ல இறங்கியிருந்தால் கன்வெர்ட்டர். வேக்குவம் குறைவு, பூஸ்ட் சரி என்றால் டைமிங், அல்லது பூஸ்டில் மூடிக்கொள்ளும் ஒருவழி வால்வுக்கு அந்தப்பக்கம் இருக்கும் கசிவு. பிரேக் பூஸ்டரும், பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வும் அந்த வகை.

முட்டத்தில் கடலை ஒட்டி வீடு இருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, டர்போ போச்சுன்னு சொல்லுதாங்க, மாத்தணுமாம்." ஐடிலிங்கில் எவ்வளவு என்று கேட்டேன். எப்போதும் போல 19. பூஸ்ட்? முன்பு 0.9, இப்போது 0.5. "அப்போ டர்போவைத் தொடாதீங்க, முதல்ல குழாயைப் பாருங்க" என்றேன். முன் பம்பருக்குப் பின்னால், இன்டர்கூலரின் கீழ் மூட்டில் கிளாம்ப் உப்புக்காற்றில் துருப்பிடித்து, திருகின் மரை போயிருந்தது. மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிது மாதிரி. கீழே கைவிட்டுத் தடவினால் விரலில் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு. கசியும் மூட்டு அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். காற்றோடு வரும் எண்ணெய் ஆவி அங்கே படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் ஒன்று போட்டதோடு ஊசி பழைய இடத்துக்கு வந்தது. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கத்து வண்டிகளுக்குக் கம்பெனி கிளாம்பை முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

த்ராட்டிலுக்குப் பின்னால் தேட எளிய வழி: எஞ்சின் ஐடிலிங்கில் ஓட, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ்களைத் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக நெரியுங்கள். எதை நெரிக்கும்போது ஊசி ஏறுகிறதோ அதற்கு அந்தப்பக்கம் கசிவு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்க முடியாமல் உள்ளே இழுத்துப் பிடித்தால் பிசிவி வால்வின் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் வால்வ்) சவ்வு கிழிந்திருக்கலாம். மழைக்காலத்தில் எலி ஏறிக் கடித்த ஹோஸும் அபூர்வமல்ல. எரியும் ஸ்பிரேயை அடித்துக் கசிவு தேடும் பழைய முறை டர்போ வண்டியில் வேண்டாம், சூடான டர்போமேல் பட்டால் தீ. எதிலும் பிடிபடவில்லை என்றால் புகைவிட்டுப் பார்க்கும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

மலைக்குப் போகும்போது

கொடைக்கானல், ஊட்டி போனால் ஐடிலிங் வேக்குவம் குறைந்துதான் காட்டும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு அங்குலம். நாகர்கோவிலில் 19 காட்டிய வண்டி 2100 மீட்டர் உயரத்தில் 12-ஐ ஒட்டி நிற்கும். எஞ்சின் மாறவில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் குறைந்திருக்கிறது. கேஜின் பூஜ்யம் அங்கேயும் பூஜ்யமாகவே இருக்கும். ஆனால் வெளிக்காற்றை எப்போதும் 101 கிலோபாஸ்கல் என்று வைத்துக் கழிக்கும் செயலிகள், எஞ்சின் அணைந்திருக்கும்போதே இடப்பக்கம் இருபதுக்கு மேல் கிலோபாஸ்கல் காட்டும். செயலியின் அமைப்பில் வெளிக்காற்றை வண்டியின் சென்சாரிலிருந்து எடுக்கும்படி மாற்றிவிடுங்கள்.

டீசல் என்றால்

டீசலில் சக்தியைக் கட்டுப்படுத்துவது காற்றல்ல, எரிபொருள். த்ராட்டில் தட்டு இல்லை, இருந்தாலும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதனால் ஐடிலிங்கில் ஊசி பூஜ்யத்தை ஒட்டி நிற்பதுதான் சரி. பிரேக்குக்கான வேக்குவம் தனி பம்ப்பிலிருந்து வருகிறது. எனவே படி 2 முதல் 5 வரை உங்களுக்குக் கிடையாது; படி 1, படி 6 மட்டும் பாருங்கள். உச்சம் 1 பாருக்கு மேல் போவது டீசலில் சாதாரணம். குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட் வரத் தாமதம், மிதித்தால் கரும்புகை, அப்புறம் திடீரென்று அளவுக்கு மீறி ஏற்றம் என்றால் டர்போவுக்குள் இருக்கும் அசையும் இதழ்கள் கரிபிடித்து இறுகியிருக்கலாம். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிகளில் இது சகஜம். செல்போனில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கமான ஓபிடி அளவு மொத்தம் 255 கிலோபாஸ்கலோடு நின்றுவிடும், அதாவது சுமார் 1.5 பார் பூஸ்ட். ஊசி அங்கே போய் முட்டி நிற்கிறது என்றால் டர்போ நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, கணக்குதான் அதற்குமேல் எண்ணத் தெரியாமல் நிற்கிறது.